கிளையன்டுக்குக் காலை, நமக்கு இரவு: வெளிநாட்டு வேலையில் நேரத்தைக் காப்பாற்றிக்கொள்வது பற்றி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சியாட்டிலில் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கும்போது சென்னையில் இரவு பத்தரை. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால், அந்த மாதங்களில் மட்டும் ஒன்பதரை. அவருக்கு நாள் அப்போதுதான் தொடங்குகிறது. நமக்கு முடிந்திருக்க வேண்டும்.

நான் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தபடி லோகோ, பிராண்டிங், இணையதள வடிவமைப்பு வேலைகள் செய்கிறேன். சியாட்டில், பெர்லின், மெல்போர்ன் என்று மூன்று ஊர்களிலும் தொடர்ந்து வேலை தருகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் ரேட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இதைத்தான் கேட்கிறார்கள்: "ராத்திரி மெசேஜுக்குப் பதில் போடலைன்னா வேற ஆளைப் பாத்துட மாட்டாங்களா அக்கா?" நியாயமான பயம்தான். அந்தப் பயத்துக்கு என் அனுபவத்தில் கிடைத்த பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

தூரத்தில் இருக்கும் கிளையன்டால் நம்மைப் பார்க்க முடியாது. நாம் வேலை செய்துகொண்டிருக்கிறோமா, தூங்குகிறோமா, அவருடைய வேலையை மறந்தே போய்விட்டோமா, ஒன்றும் தெரியாது. அட்வான்ஸும் கொடுத்திருக்கிறார். அவருக்கு மேலே ஒருவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நள்ளிரவில் வரும் மெசேஜ்களில் பெரும்பகுதி இந்தத் தெரியாமையிலிருந்து வருவது. அவருக்கு எப்போது என்ன கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்தும் காட்டினால், மெசேஜ்கள் தானாகவே குறைகின்றன. "இரவில் பேச மாட்டேன்" என்று கறாராகச் சொல்வதைவிட இது எனக்குப் பல மடங்கு பலன் தந்திருக்கிறது.

அதனால் வேலை உறுதியான அன்றே, அட்வான்ஸ் இன்வாய்ஸோடு சேர்த்து ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவிடுவேன். ஒப்பந்தம் தனியாக இருக்கும். இது மனிதருக்கு மனிதர் எழுதும் குறிப்பு. சியாட்டில் கிளையன்டுக்கு அனுப்புவதின் சாரம் இப்படி இருக்கும்:

"நான் இந்திய நேரப்படி திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் மாலை 6 வரை வேலை செய்கிறேன். அது உங்களுக்கு இரவு. உங்கள் நாள் முடியும்போது நீங்கள் அனுப்பும் கருத்துகளை நீங்கள் தூங்கும் நேரத்தில் சரிசெய்து, மறுநாள் காலை உங்கள் மெயிலில் இருக்கும்படி செய்வேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நேரடியாக அழைத்துப் பேசலாம். மற்ற நேரத்தில் வரும் எல்லாவற்றுக்கும் என்னுடைய அடுத்த வேலை நாளுக்குள் பதில் உண்டு."

இதில் எங்கேயும் மறுப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். நேர வித்தியாசத்தை அவருக்கு லாபமாகவே சொல்லியிருக்கிறேன், அது உண்மையும்கூட. அமெரிக்காவில் இருக்கும் ஒரு டிசைனரிடம் மாலை ஐந்து மணிக்குக் கருத்து சொன்னால் மறுநாள் மாலைதான் திருத்தம் வரும். நம்மிடம் சொன்னால் காலையிலேயே வந்துவிடும். இதைச் சொல்லாமல் விட்டால், நேர வித்தியாசம் நம்முடைய குறை மாதிரியே பேசப்படும். அதை ஈடுகட்ட நாமும் இரவெல்லாம் விழித்திருப்போம்.

பேசும் நேரத்தை எப்படிப் பிடிப்பது என்பது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். மெல்போர்னும் பெர்லினும் சுலபம். நமக்குக் காலை ஒன்பதரை என்றால் மெல்போர்னில் மதியம் இரண்டு, அவர்களுடைய கோடையில் மூன்று. பெர்லினில் காலை ஒன்பது என்றால் நமக்குக் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. ஆகவே காலை வேளை ஆஸ்திரேலியாவுக்கு, மதியத்துக்கு மேல் ஜெர்மனிக்கு என்று என் நாள் தானாகவே பிரிந்துவிட்டது.

அமெரிக்க மேற்குக் கரைதான் சிக்கல். அங்கே கோடைக் கடிகாரம் ஓடும் மாதங்களில் அவர்களுடைய காலை எட்டு நமக்கு இரவு எட்டரை. சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசலாம், தாங்கும். நவம்பரில் அது இரவு ஒன்பதரைக்குப் போய்விடும். அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை நான் பக்கத்தை மாற்றிக்கொள்கிறேன்: அவர்களுடைய மாலை ஐந்து மணி, நமக்கு மறுநாள் காலை ஆறரை. அவர்களுக்கு அதே செவ்வாய், வியாழன்தான். எனக்குப் புதன், வெள்ளி விடியற்காலை. மார்கழியில் எப்படியும் தெருவில் எல்லோரும் சீக்கிரம் எழுந்துவிடுவார்கள், ஆறரை மணி அழைப்பு (கால்) பெரிய கஷ்டமாகத் தெரிவதில்லை. இரவு கால் இருக்கும் நாள்களில் மதியம் இரண்டு மணி நேரம் வேலையை விட்டு எழுந்துவிடுவேன். அந்த இரண்டு மணி நேரத்தையும் காலண்டரில் நிரப்பி வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் யாராவது அதில் ஒரு மீட்டிங்கைப் போட்டுவிடுவார்கள்.

கடிகாரம் மாறும் தேதிகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, திரும்ப நவம்பர் முதல் ஞாயிறு. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மெல்போர்னில் நேர்மாறாக, ஏப்ரல் முதல் ஞாயிறு முடிந்து அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கும். ஆக மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் அமெரிக்கா மாறியிருக்கும், ஐரோப்பா மாறியிருக்காது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மீட்டிங்கில் இருந்தால் குழப்பம் நிச்சயம். இன்னொன்று, கூகுள் காலண்டரில் வாராந்திர மீட்டிங்கை எந்த ஊர் நேரத்தில் உருவாக்குகிறோமோ அந்த ஊர் நேரம்தான் மாறாமல் நிற்கும். கிளையன்ட் உருவாக்கினால் அவருக்கு எப்போதும் எட்டு மணி, நமக்கு எட்டரை ஒருநாள் ஒன்பதரை ஆகிவிடும். இந்திய நேரத்தில் நாம் உருவாக்கினால் நகர்வது அவருடைய நேரம். நான் மீட்டிங் அழைப்பை எப்போதும் நானே அனுப்புவதற்குக் காரணம் இதுதான்.

டெட்லைன் விஷயத்திலும் இப்படித்தான். "வெள்ளிக்கிழமைக்குள்" என்று சியாட்டிலில் இருப்பவர் சொன்னால் அவர் மனதில் இருப்பது அவருடைய வெள்ளி மாலை. நமக்கு அது சனிக்கிழமை விடிந்த பிறகு. சரி என்று விட்டால் நம் சனிக்கிழமை போய்விடும். நான் எப்போதும் "உங்கள் வெள்ளிக்கிழமை காலை நீங்கள் வரும்போது தயாராக இருக்கும்" என்று எழுதுவேன். அதாவது என்னுடைய வெள்ளி மாலைக்குள் என் வேலை முடிந்துவிடும், அவருக்கோ கேட்டதைவிட ஒரு முழு வேலை நாள் முன்பே கிடைத்துவிடும்.

அதேபோல நம் திங்கட்கிழமை அவர்களுக்கு ஞாயிறு. இரவு வரை அமெரிக்காவிலிருந்து ஒரு மெயிலும் வராது. யோசித்துச் செய்ய வேண்டிய வேலைகளை, ஒரு லோகோவின் முதல் ஐடியாக்கள், புதிய இணையதளத்தின் அமைப்பு போன்றவற்றை, திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன். இந்தத் தொழிலில் யாரும் தொந்தரவு செய்யாத ஒரு முழு நாள் கிடைப்பது பெரிய வரம். அதை வங்கி வேலைக்கும் இன்வாய்ஸுக்கும் செலவழிக்காதீர்கள்.

அடுத்தது நான் மிகவும் நம்பும் ஒரு பழக்கம்: மாலை குறிப்பு. மாலை ஆறு மணிக்கு வேலையை முடித்து எழும் முன், நடந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி எழுதி அனுப்பிவிடுவேன். இன்று என்ன முடிந்தது, அது ஃபிக்மாவில் (டிசைன் செய்யும் இணைய மென்பொருள்) எந்தப் பக்கத்தில் இருக்கிறது, உங்களிடமிருந்து எனக்கு என்ன வேண்டும், நாளை என்ன வரும். உதாரணமாக: "முகப்புப் பக்கத்தின் மொபைல் வடிவம் முடிந்தது, '03 மொபைல்' பக்கத்தில் பாருங்கள். மேல் படத்துக்கு இரண்டு தேர்வுகள் வைத்திருக்கிறேன், ஒன்றைச் சொல்லுங்கள். விலைப் பட்டியலின் இறுதி வாசகம் இன்னும் வரவில்லை. நாளை தொடர்புப் பக்கம்." விளக்க வேண்டியது அதிகம் என்றால் திரையைப் பதிவுசெய்து லூம் என்ற செயலியில் மூன்று நிமிட வீடியோ. அவர் காலையில் வந்ததும் இதைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதிவிட்டுப் போகிறார். "ஸ்டேட்டஸ் என்ன?" என்ற இரவு மெசேஜுக்கு அங்கே வேலையே இல்லை.

இதை எழுதப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிறவர்கள்தான் பதினொரு மணிக்கு மெசேஜுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் எண்ணைக் கிளையன்டுக்குத் தராதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. அண்ணன் பையனின் காதுகுத்துப் படங்களும் கிளையன்டின் வண்ணத் திருத்தங்களும் ஒரே இடத்தில் வந்தால் நாம் எந்த நேரமும் வேலையில்தான் இருப்போம். படித்துவிட்டோம் என்று நீல டிக்கும் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு வேலைப் பேச்சு மெயிலில், டிசைன் கருத்துகள் ஃபிக்மாவில். அவர்களுடைய ஸ்லாக்கில் (அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் செயலி) சேர்த்தார்கள் என்றால் சேர்ந்துகொள்வேன், ஆனால் அதில் அறிவிப்பு நேரத்தை 9.30 முதல் 6 வரை என்று அமைத்துவிடுவேன். எப்போதாவது இரவில் தோன்றியதை எழுதினால்கூடக் காலையில் போகும்படி நேரம் குறித்து வைத்துவிடுவேன். ஜிமெயிலிலும் ஸ்லாக்கிலும் அந்த வசதி இருக்கிறது. நடுராத்திரியில் நம்மிடமிருந்து ஒரு பதில் போய்விட்டால், குறிப்பில் எழுதிய நேரத்துக்கு மதிப்பில்லாமல் போகும்.

அவசரம் என்பது உண்மையிலேயே வரும். இணையதளம் இயங்காமல் நின்றுவிட்டது, அச்சுக்குப் போன ஃபைலில் தொலைபேசி எண் தப்பு, இதெல்லாம் அவசரம்தான். அதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். என் ஒப்பந்தத்தில், வேலை நேரத்துக்கு வெளியே அல்லது வார இறுதியில் செய்யும் வேலைக்குக் கூடுதலாக 50 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: "இது எந்த நேரத்தில் மக்கள் பார்வைக்குப் போகிறது?" ஒரு சனிக்கிழமை காலை, ஆன்லைன் கடை வைத்திருக்கும் கிளையன்ட் ஒருவர் பேனர் உடனே வேண்டும் என்று எழுதினார். அவருக்கு அப்போது வெள்ளி மாலை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் செவ்வாய்க்கிழமை என்றார். திங்கள் மதியமே முடித்துக் கொடுத்தேன், கூடுதல் கட்டணமும் இல்லை. அவருக்கு அன்று தேவைப்பட்டது பேனர்கூட இல்லை, செவ்வாய்க்குள் வந்துவிடும் என்ற உறுதி. வெள்ளி மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொருவர் மேஜையிலும் பாக்கி வேலைகள் இருக்கும். அதை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போனால்தான் அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதி.

நேரத்தைவிட அதிகமாக உயிரை எடுப்பது ரிவிஷன், அதாவது கிளையன்ட் கேட்கும் திருத்தங்கள். "மூன்று ரிவிஷன்" என்று எழுதினால் போதாது, ஒரு ரிவிஷன் என்றால் என்ன என்று எழுத வேண்டும். நான் எழுதுவது: உங்கள் தரப்பில் எல்லோருடைய கருத்துகளையும் ஒருவர் தொகுத்து, முரண்பாடு இல்லாமல், ஒரே தடவையில் அனுப்புவது ஒரு சுற்று. அப்படித் தொகுத்து அனுப்பப்போகிறவரின் பெயரையும் ஒப்பந்தத்திலேயே குறித்துவிடுவோம். இல்லாவிட்டால் மார்க்கெட்டிங்கில் ஒருவர் பச்சை என்பார், நிறுவனரின் மனைவி நீலம் என்பார், விற்பனைப் பிரிவில் இருப்பவர் லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார். இவர்கள் மூன்று பேரும் ஒரே அலுவலகத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குள் நடக்க வேண்டிய பேச்சை, பதின்மூன்று மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும் நாம் ஏன் நடத்திக்கொண்டிருக்க வேண்டும்?

ஒத்துக்கொண்ட திசை மாறினால் அது ரிவிஷன் கணக்கில் வராது, புது வேலை. இந்த வேறுபாட்டைச் சண்டையில்லாமல் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: "தாராளமாகச் செய்யலாம். இது முதலில் பேசிய வேலையில் இல்லாததால், இவ்வளவு கட்டணம், இத்தனை நாள் கூடும். தொடங்கட்டுமா, அல்லது முன்பு ஒத்துக்கொண்டதையே முடித்துவிடலாமா?" பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொண்டதையே முடிக்கச் சொல்வார்கள். சிலர் கட்டணத்துக்குச் சரி என்பார்கள். இரண்டும் நமக்கு நல்லதுதான்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் எல்லை பற்றிப் பேச முடியாது. கையில் பணம் வராதவரால் எதற்கும் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் விஷயம். சின்ன வேலைக்குப் பாதி முன்பணம், பெரிய வேலைக்கு 40-30-30 சதவீதம் என்று மூன்று தவணை. அட்வான்ஸ் வந்த பிறகுதான் காலண்டரில் தேதி. அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில் வேலை செய்கிறவர்கள் நிலையான கட்டண வேலையை மைல்கற்களாக, அதாவது சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பணம் எஸ்க்ரோவில் (வேலை முடியும்வரை தளம் பிடித்துவைக்கும் கணக்கு) போடப்பட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் வேலையைச் சமர்ப்பித்து 14 நாளில் கிளையன்ட் ஒன்றும் சொல்லாவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். மணிக்கணக்கு வேலை என்றால் அவர்களுடைய மென்பொருள் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு எந்த முறை உங்களுக்குச் சரிவரும் என்று முடிவுசெய்யுங்கள்.

முழுப் பணம் வரும்வரை மூல ஃபைல்கள் போகாது, குறைந்த தரத்தில் பிடிஎஃப் மட்டும்தான். இதற்குச் சட்டத்திலும் பிடிமானம் இருக்கிறது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். மெல்போர்னில் கடை நடத்துகிறவருக்கு இந்தியாவுக்குள் மட்டும் செல்லுபடியாகும் லோகோ எதற்கு? ஆகவே "உலகம் முழுவதும், நிரந்தரமாக, முழுத் தொகை வந்து சேர்ந்த அன்றிலிருந்து" என்று என் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக் கொடுக்கிறேன். கிளையன்டுக்கும் அது பாதுகாப்பு. கடைசித் தவணை வேகமாக வருவதற்கு அந்த வாக்கியத்தின் கடைசிப் பாதி மிகவும் உதவுகிறது. கிளையன்ட் தன்னுடைய ஒப்பந்தத்தை அனுப்பினால், உரிமை மாற்றம் பற்றிய பத்தியைத் தேடிப் படித்து, பணம் வந்த பிறகு என்ற நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் சேர்க்கிறார்கள்.

30 நாளில் பணம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. நியூயார்க் நகரத்தில் 2017இலிருந்தே ஃப்ரீலான்சர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது: 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு தேதி இல்லாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். மடிப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சட்டத்தை நம்பி நான் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் அங்கே வேலை கொடுக்கிறவர்களுக்கு இது பழகிய விதி என்று தெரிந்தால், மெயில் எழுதும்போது நம் குரல் நடுங்காது.

அதேபோல ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்த பிறகு முதலாளி தொடர்புகொண்டால் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை ஊழியர்களுக்குச் சட்டமாகியிருக்கிறது. பிரான்சில் 2017 முதலே அப்படியொரு ஏற்பாடு உண்டு. அவை அந்தந்த நாட்டு ஊழியர்களுக்கானவை, நம்மைப் போன்ற வெளி ஆள்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் நம் குறிப்பில் வேலை நேரத்தைப் பார்க்கும் மெல்போர்ன்காரர் அதில் புதிதாக எதையும் பார்க்கப் போவதில்லை. தன் ஊழியர்களிடம் கடைப்பிடிப்பதையே நம்மிடமும் கடைப்பிடிக்கிறார். நாம்தான் வெளிநாட்டுக்காரர் எல்லோரும் இரவு பகல் பார்க்காமல் பதிலை எதிர்பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பண்டிகை நாள்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை ஓய்வு. திரும்பி வந்து வேலையைச் சூடுபிடிக்கவைக்கும் இரண்டாவது வாரத்தில் நமக்குப் பொங்கல். தீபாவளியோ, அமெரிக்கக் கடைகள் நவம்பரில் தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு மறுநாள் வெள்ளிக்கிழமைத் தள்ளுபடிக்குத் தயாராகும் பருவத்தில் வரும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, அந்தத் தள்ளுபடி வெள்ளி நவம்பர் 29. பேனர், மெயில் டெம்ப்ளேட் எல்லாம் நவம்பர் முதல் வாரத்தில் கேட்பார்கள் என்று தெரியும். ஆகஸ்டிலேயே தேதியைச் சொல்லி, பட்டியலை செப்டம்பரில் கேட்டு வாங்கிவிட்டேன். தீபாவளி வாரத்தில் அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

நம் ஊருக்கே உரிய தடங்கல்கள் வேறு இருக்கின்றன. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை முன்பே அறிவிக்கப்படுவது, அதைப் பார்த்து மாலை குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் தண்ணீர் நின்றது, மின்சாரமும் இணையமும் நாள்கணக்கில் இல்லை, செல்போன் டவரும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மழை வலுக்கும் முன்பே எல்லாக் கிளையன்டுகளுக்கும் எழுதிவிட்டேன்: புயல் வருகிறது, சில நாள் தொடர்பு இல்லாமல் போகலாம், உங்கள் ஃபைல்கள் இன்றைய நிலவரப்படி இந்த இணைப்பில் இருக்கின்றன, திரும்பியதும் முதலில் செய்யப்போவது இது. இணையம் திரும்பி வந்து மெயிலைத் திறந்தால் வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குடும்பம் பத்திரமா என்றுதான் கேட்டிருந்தார்கள். பெர்லின்காரர் டெட்லைனைத் தானே ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டு எழுதியிருந்தார்.

வீட்டுக்குள் போட வேண்டிய எல்லையும் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கிளையன்டைவிட அது கடினம், ஏனென்றால் இங்கே பாசமும் சேர்ந்து வருகிறது. "வீட்டுலதானம்மா இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வச்சிடு, ரேஷன்ல சர்க்கரை போடுறாங்களாம்" என்று அத்தை சொல்வதில் தப்பே இல்லை. நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்கு வேலையாகத் தெரிய ஒரு வழியும் இல்லை. கிளையன்டுக்குச் செய்ததையே வீட்டிலும் செய்தேன். ஃபிரிட்ஜ் கதவில் அந்த வாரத்தின் நேரத் தாள்: எப்போது கால், எப்போது கூப்பிடக்கூடாது, எப்போது ஃப்ரீ. "அத்தை, ராத்திரி கால் இருக்குற நாள்ல மூணு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும் நான் சும்மாதான் இருப்பேன், அப்போ என்ன வேணும்னாலும் சொல்லுங்க" என்றேன். இப்போது என் மகளிடம் "அம்மாவுக்கு மீட்டிங், இங்க வந்து உக்காரு" என்று சொல்வதே அவர்கள்தான். காலையில் தாளைப் படித்துவிட்டு, எந்த ஊர்க்காரர் இன்றைக்கு என்று என்னைக் கேட்பார்கள்.

எல்லோரும் ஒத்துவருவார்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஒரு ஏஜென்சி, அவர்களுடைய காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை ஸ்லாக்கில் நான் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிய வேண்டும் என்றது. கட்டணம் மட்டும் வேலைக்கு வேலை. அவர்கள் கேட்டது ஓர் இரவுப் பணியாளரை. அதைக் கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்கு மாதச் சம்பளம், இரவுப் பணிப் படி, விடுப்பு எல்லாம் சேர்ந்த விலை வேறு. அந்த விலையை எழுதி அனுப்பினேன், பேச்சு அங்கேயே முடிந்தது. உங்களில் யாருக்காவது இரவு வேலை ஒத்துவரும் என்றால், அந்த விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு தாராளமாகச் செய்யுங்கள். பகல் விலைக்கு இரவை விற்காதீர்கள்.

இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கு இத்தனையையும் முதல் கிளையன்டிடமே வைக்க முடியாது, எனக்குத் தெரியும். வரிசை ஒன்று சொல்கிறேன். முதல் நாளிலிருந்தே விட்டுக்கொடுக்கக் கூடாதவை அட்வான்ஸும், ரிவிஷனின் வரையறையும். இவற்றை விட்டால் பிறகு திரும்பப் பிடிக்கவே முடியாது. மாலை குறிப்பையும் முதல் நாளிலேயே தொடங்குங்கள், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கால் நேரத்தில் கொஞ்சம் வளைந்துகொடுக்கலாம், வாரத்தில் ஓரிரு இரவு தாமதமானால் பரவாயில்லை. வார இறுதியை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கிளையன்ட் சேர்ந்த பிறகு மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு வரும்.

ஏற்கெனவே எல்லா நேரமும் பதில் சொல்லிப் பழக்கிவிட்ட பழைய கிளையன்டிடம் எப்படி மாற்றுவது என்றும் கேட்கிறார்கள். நடு வேலையில் மாற்றாதீர்கள், நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். புது வேலை தொடங்கும்போதோ, நிதியாண்டு தொடங்கும்போதோ மாற்றுங்கள். நான் மார்ச் கடைசி வாரத்தை வைத்துக்கொள்கிறேன். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் வெளிநாட்டு இன்வாய்ஸுக்கு ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி வரி) கட்டாமல் இருக்க எல்யூடி என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்ய உட்காரும் அதே நாளில் எல்லாக் கிளையன்டுகளுக்கும் ஆண்டுக் குறிப்பு போகிறது: புதிய கட்டணம், வேலை நேரம், தீபாவளி, பொங்கல் உட்பட அந்த ஆண்டின் விடுமுறைத் தேதிகள். அந்த வாரத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறிவிட்டிருக்கும், பெர்லினுடையது மாதத்தின் கடைசி ஞாயிறு மாறும், மெல்போர்னுடையது ஏப்ரல் முதல் ஞாயிறு. ஆகவே மூன்று ஊருக்குமான புதிய கால் நேரங்களும் அந்த ஒரே மெயிலில் போய்விடுகின்றன.